மொட்டை அம்பு சொன்னது

அந்த அம்பை இன்னும் வைத்திருக்கிறேன். முன்பக்கம் முறிந்த கார்பன் தண்டு. முறிந்த இடத்திலிருந்து நான்கு விரல் அகலத்துக்குக் காய்ந்த கறை, அதற்குப் பின்னால் தண்டு துடைத்து வைத்ததுபோல் சுத்தமாக இருக்கிறது. 15 கஜ தூரத்தில், பக்கவாட்டில் நின்ற மானுக்கு விட்ட அம்பு அது. மான் கிடைக்கவில்லை. அன்று இருட்டும் வரையும் மறுநாள் பகல் முழுக்கவும் தடம் தேடினேன். முதல் நூறு அடிக்கு இலைகளில் துளிகள் இருந்தன. பிறகு ஒன்றுமே இல்லை.

உரிமம், பருவம், அனுமதித்த இடம் எல்லாம் சரியாக இருந்தன. குறியும் தப்பவில்லை. தப்பியது அம்பு பறந்த விதம். நாணை விட்டுக் கிளம்பியதும் அது வாலை ஆட்டிக்கொண்டு போனதைக் கண்ணால் பார்த்தேன். சாய்ந்தபடி போய்த் தைக்கிற அம்பு, உள்ளே நுழைய வேண்டிய பலத்தைத் தன் தண்டை வளைப்பதிலேயே செலவழித்துவிடும். விலா எலும்பில் பட்டதும் என் அம்பு வளைந்தது, முறிந்தது, நின்றுவிட்டது. ஓர் உயிருக்கு வலியைக் கொடுத்துவிட்டு முடிவைக் கொடுக்காமல் விட்டேன் என்ற எண்ணம் அடுத்த பருவம் வரை என்னை விடவில்லை. அந்த ஒரு வருடத்தில் அம்பின் எடையையும் விறைப்பையும் பற்றிக் கற்றதை, செய்த தவறுகளோடு சேர்த்து எழுதுகிறேன்.

என் வில் லாங்போ என்ற நெடுவில். 28 அங்குல இழுப்புக்கு 45 பவுண்டு என்று அதன் மேல் எழுதியிருக்கும். முதல் தவறு அங்கேயே தொடங்கியது. நான் இழுப்பது 27 அங்குலம். தொங்கு தராசில் மாட்டி என் இழுப்புக்கு அளந்தபோது 43 பவுண்டுதான் காட்டியது. இழுப்பு ஓர் அங்குலம் மாறினால் இரண்டு மூன்று பவுண்டு மாறும், அதற்கேற்ற தண்டும் மாறும். வில்லில் எழுதியிருக்கும் எண்ணை நம்பி அம்பு வாங்குவது, அண்ணனின் செருப்பளவைச் சொல்லித் தம்பிக்குச் செருப்பு வாங்குவது போன்றது. மெல்லிய குச்சி ஒன்றில் அளவுகளைக் குறித்துக்கொண்டு வழக்கம்போல் இழுங்கள், பக்கத்தில் நிற்பவரைப் பார்க்கச் சொல்லுங்கள். நாமே குனிந்து பார்த்தால் இழுப்பு மாறிவிடும்.

அன்று நான் வைத்திருந்த அம்பு 365 கிரெயின். ஒரு கிராம் என்பது 15.4 கிரெயின், ஆக 24 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. தண்டு 500 எண், நீளம் 28 அங்குலம், முனை 125 கிரெயின். கார்பன் தண்டில் அச்சிட்டிருக்கும் அந்த 500 என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். தண்டை 28 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கிகளின் மேல் வைத்து, நடுவில் 880 கிராம் எடையைத் தொங்கவிட்டால் அது 0.500 அங்குலம் தொய்கிறது என்று பொருள். 400 தண்டு 0.400 அங்குலமே தொய்யும். எண் குறையக் குறைய விறைப்பு கூடும். ஸ்பைன் என்று எல்லோரும் சொல்வது இந்த விறைப்பைத்தான்.

ஆனால் மேசையில் அளந்த விறைப்பு வேறு, வில்லிலிருந்து கிளம்பும்போது அம்பு காட்டும் விறைப்பு வேறு. வலக்கைக்காரனுக்கு அம்பு வில்லின் இடப்பக்கத்தில் இருக்கிறது. நாண் முன்னோக்கி ஓடும் பாதையோ வில்லின் நடுவை நோக்கி. இரண்டுக்கும் நடுவில் வில்லின் பிடிப்பகுதி நிற்கிறது. நேராகப் போனால் அம்பு அதில் இடிக்க வேண்டும். அது இடிக்காமல் போவதற்குக் காரணம், நாண் பின்னாலிருந்து தள்ளும்போது தண்டு மூங்கில் கழிபோல வளைந்து, பிடியைச் சுற்றிக்கொண்டு, மறுபக்கம் வளைந்து, அப்படியே நெளிந்து நெளிந்து நேராவதுதான். 1930களில் கிளாரன்ஸ் ஹிக்மன் என்ற அமெரிக்க இயற்பியலாளர் இதை அதிவேகப் படம் எடுத்துக் காட்டினார். விரலால் நாணை விடுகிற எல்லோருக்கும் இந்த நெளிவு உண்டு. தண்டு அளவுக்கு மீறி விறைப்பாக இருந்தால் போதிய அளவு வளையாது, வால் பிடியில் தட்டும். அளவுக்கு மீறித் தளர்வாக இருந்தால் நெளிவு அடங்காமல் வேறு திசைக்கு ஓடும்.

தண்டைத் தொடாமலேயே இந்த நடைமுறை விறைப்பை மாற்றலாம். முனையில் கனம் கூட்டினால் தண்டு தளர்வாக நடந்துகொள்ளும். நீளத்தைக் குறைத்தால் விறைப்பாக நடந்துகொள்ளும். எடை வேறு விறைப்பு வேறு என்று நினைத்து ஒன்றை முடித்துவிட்டு மற்றதுக்குப் போக முடியாததற்கு இதுதான் காரணம். அம்பைக் கனமாக்கலாம் என்று 125 முனையைக் கழற்றி 200 முனையை மாட்டிய கணத்திலேயே நீங்கள் வேறொரு தண்டைக் கையில் எடுத்தவர் ஆகிறீர்கள். எனக்கு இது புரிய இரண்டு கட்டுத் தண்டுகள் வீணாகின.

நாணைக் கவ்வும் பின்பிளவை நாக் என்பார்கள். தமிழில் குதை என்ற நல்ல சொல் இருக்கிறது, இங்கே அதையே எழுதுகிறேன்.

மான் தப்பிய பிறகு முதல் வேலையாக மொட்டை அம்பு விட்டுப் பார்த்தேன். இறகு ஒட்டாத அம்புக்கு நாங்கள் வைத்த பெயர் அது. இறகு ஒரு பெரிய மறைப்பு. 5 அங்குல நீளத்தில் மூன்று இறகு ஒட்டினால், கோணலாகக் கிளம்பிய அம்பைக்கூடப் பத்துப் பதினைந்து கஜத்துக்குள் இழுத்துப் பிடித்து நேராக்கிவிடும். இலக்குப் பலகையில் எல்லாம் அழகாகத் தைத்திருக்கும், நாமும் திருப்தியாக வீட்டுக்குப் போவோம். அந்த நேராக்கலுக்கு அம்பு தன் வேகத்தைக் கொடுத்திருக்கும். வேட்டைமுனையை மாட்டினால் நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் அகலமான தகடு முன்னால் ஓர் இறகுபோல வேலை செய்து கோணலைப் பெரிதாக்கும். மொட்டை அம்புக்கு மறைப்பு கிடையாது.

கணக்கு எளிது. வலக்கைக்காரருக்கு, அதே எடையுள்ள மொட்டை அம்பு இறகம்புகளுக்கு வலப்பக்கம் விழுந்தால் தண்டு தளர்வு, இடப்பக்கம் விழுந்தால் விறைப்பு. இடக்கைக்காரர்கள் பக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். என் மொட்டை அம்பு வலப்பக்கம் எட்டு அங்குலம் தள்ளி விழுந்தது, குதை இடப்பக்கம் சாய்ந்து நின்றது. தளர்வு என்று முடிவு கட்டினேன். 400 தண்டு ஒரு டஜன் வாங்கி, 28 அங்குலத்துக்கு வெட்டி, விட்டேன். ஒன்று வலப்பக்கம், ஒன்று இடப்பக்கம், ஒன்று மேலே என்று சிதறின. சத்தமும் முன்பைவிடக் கூடியது. என் விரலில்தான் பிழை என்று நினைத்து இரண்டு மாதம் வெற்றுப் பலகை முன் நின்று விடுவதை மட்டும் பழகினேன். பழகியது நல்லதுதான், ஆனால் சிக்கல் அங்கே இல்லை.

என்னைவிட மிகவும் மூத்த வில்லாளி ஒருவர் இருக்கிறார், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். ஒருநாள் பக்கத்தில் வந்து நின்றார். நான் அம்பு விட்டபோது அவர் இலக்கைப் பார்க்கவே இல்லை, கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"தம்பி, ஒரு 'டக்' கேக்குதே, உனக்குக் கேக்கலியா?"

"வில்லு சத்தம்தானே அண்ணே."

"வில்லு சத்தம் 'தும்'முனு வரும். இது கட்டை மேல கட்டை படற சத்தம்."

அம்பு உட்காரும் ஷெல்ஃப் மேலும், அதற்குப் பக்கத்தில் அம்பு சாயும் இடத்தில் ஒட்டிய பக்கத் தோல் மேலும் பவுடரைத் தட்டச் சொன்னார். ஒரு அம்பு விட்டேன். குனிந்து பார்த்தோம். பக்கத் தோலில் வெள்ளை நடுவே ஒரு கோடு, அதன் கடைசியில் நகம் கீறியதுபோல் ஒரு வெட்டு. குதைக்கு ஒரு சாண் முன்னால் தண்டில் பவுடர் அப்பியிருந்தது. இறகம்பில் பார்த்தால் வில்பக்கத்து இறகின் ஓரம் மட்டும் தேய்ந்து பிசிறடித்திருந்தது. அதை நான் பல நாளாகப் பார்த்திருக்கிறேன், என்னவென்று கேட்டதில்லை.

"தளர்வுன்னு எதவெச்சுச் சொல்ற?" என்றார்.

"மொட்டை அம்பு வலப்பக்கம் போகுதே."

"சரி, பழைய தண்டுல முனைய இன்னும் கனமாக்கு."

"கனமாக்கினா இன்னும் தளர்வாயிடுமே அண்ணே?"

"நெசமாவே தளர்வா இருந்தா இன்னும் வலப்பக்கம் ஓடணும். ஓடுதான்னு பாரு."

500 தண்டில் 125 முனையைக் கழற்றி 200 மாட்டினேன். மொட்டை அம்பு வலப்பக்கம் ஓடவில்லை. இடப்பக்கம், ஐந்து அங்குலத்தில் போய்த் தைத்தது. 'டக்' காணாமல் போயிருந்தது. தண்டு தளர்வே இல்லை, கடும் விறைப்பு. வளைய முடியாமல் வால் பிடியில் மோதி, அந்த மோதலில் எகிறி, வலப்பக்கம் போய்த் தளர்வுபோல வேடம் காட்டியிருக்கிறது. அதை நம்பி நான் இன்னும் விறைப்பான தண்டை வாங்கியிருக்கிறேன். அம்பு உட்காரும் இடத்தை வில்லின் நடுக்கோடு வரை செதுக்காத லாங்போக்களில் இந்தப் பொய்த்தளர்வு அடிக்கடி வரும். எனவே மொட்டை அம்பு தளர்வு காட்டினால் உடனே விறைப்பான தண்டு வாங்க ஓடாதீர்கள். முதலில் முனையில் கனத்தைக் கூட்டிப் பாருங்கள். கோணல் கூடினால் உண்மைத் தளர்வு. குறைந்தாலோ பக்கம் மாறினாலோ விறைப்புதான் வேடம் போட்டிருக்கிறது. இந்த ஒரு சோதனை தெரிந்திருந்தால் அந்த 400 தண்டுகளை வாங்கியிருக்க மாட்டேன்.

வெட்டிய தண்டை நீட்ட வழியில்லை என்பதால் 600 எண்ணில் முழுநீளத் தண்டு ஆறு வாங்கினேன். இந்த முறை வரிசையை மாற்றினேன். முன்பெல்லாம் தண்டை வெட்டிவிட்டு முனையைத் தேடுவேன். இப்போது முன்பக்கம் எவ்வளவு கனம் வேண்டும் என்று முதலில் தீர்மானித்தேன்: முனை 200 கிரெயின், முனை திருகும் பித்தளை இன்சர்ட் 50, மொத்தம் 250. அதைத் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டு, விறைப்பை நீளத்தால் மட்டும் சரிசெய்வது. முழுநீளத்தில் எதிர்பார்த்தபடியே நல்ல தளர்வு காட்டியது. முதலில் அரை அங்குலம், பிறகு கால் அங்குலம் என்று பின்பக்கத்திலிருந்து வெட்டி வந்தேன். குதையைக் கையால் பிடுங்கித் திரும்பச் செருகலாம், ஒட்டிய இன்சர்ட்டைக் கழற்றும் வேலை மிச்சம். வெட்ட வெட்ட மொட்டை அம்பு வலப்பக்கத்திலிருந்து இறகம்புகளை நோக்கி நகர்ந்து வந்தது. நான்கு நாள் பொறுமையாகச் செய்தேன். 29.5 அங்குலத்தில் 20 கஜத்திலிருந்து விட்ட இரண்டு மொட்டை அம்புகளும் மூன்று இறகம்புகளும் ஒரு கையகலத்துக்குள் தைத்தன. அதோடு வெட்டுவதை நிறுத்தினேன். 27 அங்குல இழுப்புக்கு 29.5 நீளம் வேட்டைமுனையின் கூர்விளிம்பை விரலிலிருந்து தள்ளியே வைக்கிறது, அதுவும் வேண்டியதுதான்.

ஒருவேளை கால் அங்குலம் கூடுதலாக வெட்டிவிட்டால் தண்டைத் தூக்கி எறிய வேண்டாம். முனையில் 25 கிரெயின் கூட்டுங்கள், அல்லது பக்கத் தோலை மெல்லியதாக்குங்கள். பக்கத் தோல் தடிமனானால் அம்பு வெளிப்பக்கம் தள்ளி உட்காரும், விறைப்பாக நடந்துகொள்ளும். மெல்லியதானால் நடுவுக்கு நெருங்கி வரும், தளர்வாக நடந்துகொள்ளும். கடைசி ஓரிரு அங்குலத்தைச் சரிசெய்ய ஒரு துண்டுத் தோல் போதும்.

இந்தச் சோதனைகளைத் தொடங்குமுன் முடித்திருக்க வேண்டியவை சில உண்டு. நாணுக்கும் பிடிக்கும் உள்ள இடைவெளியை வில்செய்தவர் சொன்ன வரம்புக்குள் வைத்து எழுதிக்கொள்ளுங்கள். என் வில்லில் 7 அங்குலம். நாணை முறுக்கினால் கூடும், அவிழ்த்தால் குறையும். அது மாறினால் சோதனை முழுவதும் மாறும். பிறகு குதை உட்காரும் உயரம். ஷெல்ஃப் மேலிருந்து விடுபவர்கள், ஷெல்ஃபிலிருந்து நாணுக்குச் செங்குத்தாக வரும் கோட்டுக்கு அரை அங்குலம் மேலே தொடங்கலாம். மொட்டை அம்பு குதை தூக்கித் தைத்தால் உயரத்தைக் குறையுங்கள், குதை தாழ்ந்தால் கூட்டுங்கள். இதிலும் ஒரு பொய் உண்டு: குதை மிகத் தாழ்வாக இருந்தால் வால் ஷெல்ஃபில் இடித்து எகிறி, குதை தூக்கியதுபோலக் காட்டும். எனவே எப்போதும் மேலிருந்து கீழே வாருங்கள். மேல்கீழ் சரியான பிறகுதான் இடம்வலம் பார்க்க வேண்டும்.

தைத்திருக்கும் கோணத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். பழைய ஃபோம் இலக்கில் முன்பு விழுந்த ஓட்டைகள் அம்பைச் சாய்த்துவிடும். இறகம்புகளோடு ஒப்பிட்டு மொட்டை அம்பு எந்த இடத்தில் விழுகிறது என்பதையே பெரிதாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு அம்பை வைத்தும் முடிவு செய்யாதீர்கள். ஆறு முறை விட்டு, விரல் பிசகியதை நீங்களே உணர்ந்த அம்புகளைத் தள்ளிவிட்டு, மீதி சொல்வதைக் கேளுங்கள். கை களைத்த பிறகு விடும் அம்பு உங்கள் களைப்பை மட்டுமே அளக்கும். நான் ஒரு நாளைக்கு முப்பது அம்போடு நிறுத்திக்கொள்வேன்.

இனி எடைக்கு வருகிறேன். இழுப்பு எடையின் ஒவ்வொரு பவுண்டுக்கும் எத்தனை கிரெயின் என்று கணக்கிடுவது வழக்கம். பழைய 365 கிரெயின் அம்பு என் வில்லில் பவுண்டுக்கு எட்டரை. புதிய அம்பு 495 கிரெயின், பவுண்டுக்குப் பதினொன்றரை. எட்டுக்குக் கீழே போவது வில்லுக்கே ஆபத்து. வெறும் நாணை இழுத்து விடுவதற்கு நெருக்கமான அடி அது, மரமும் ஒட்டும் தாங்காது. வேட்டைக்குப் பத்திலிருந்து பன்னிரண்டு நல்ல இடம் என்பது என் கருத்து.

வேகமானி வைத்து இரண்டையும் அளந்தேன். 365 கிரெயின் வினாடிக்கு 170 அடி. 495 கிரெயின் 150 அடி. வேகத்தில் இருபது அடி போய்விட்டதே என்று முதலில் மனம் சுருங்கியது. கணக்குப் போட்டதும் தெளிந்தது. இயக்க ஆற்றல் கிட்டத்தட்ட 23 அடிப்பவுண்டிலிருந்து 25க்கு நெருங்கி வந்திருந்தது, ஏனென்றால் அதே வில் கனமான அம்புக்குத் தன் பலத்தை அதிகமாகக் கொடுக்கிறது, நடுக்கத்திலும் சத்தத்திலும் வீணாக்குவது குறைகிறது. எடையையும் வேகத்தையும் பெருக்கி வரும் உந்தமோ 20 சதவீதம் கூடியிருந்தது. எலும்பையும் தசையையும் தள்ளிக்கொண்டு போகும்போது அம்பை நிற்கவிடாமல் இழுத்துச் செல்வது இந்த உந்தம்.

அதற்கு விலையும் உண்டு. காற்றுத் தடையை விட்டுவிட்டுப் பார்த்தால், 15 கஜத்தில் புதிய அம்பு பழையதைவிட 4 அங்குலம் கூடுதலாகத் தாழும். 20 கஜத்தில் 7 அங்குலம். கண்ணளவில் குறிபார்ப்பவர்களுக்கு இது ஒரு மாதப் பழக்கத்தில் கைக்கு வந்துவிடும், ஆனால் தூரத்தைத் தவறாக மதிப்பிட்டால் தண்டனை கூடும். ஆகவே என் எல்லையை 18 கஜம் என்று வைத்துக்கொண்டேன். அதைத் தாண்டி நிற்கும் எதற்கும் விடுவதில்லை. விலங்கு அசையாமல் நிற்கும் என்றும் எண்ண வேண்டாம். 20 கஜத்துக்கு ஒலி இருபதில் ஒரு வினாடியில் போய்விடும், என் அம்புக்கு 0.4 வினாடி ஆகும். இடையில் உள்ள நேரம் விழிப்பாக நிற்கும் மானுக்குக் குனிந்து பாயப் போதும். 170 அடியோ 150 அடியோ, இந்த ஓட்டத்தில் எந்த அம்பும் ஒலியை முந்தப்போவதில்லை. வில் சத்தம் குறைவதும் விலங்கு பதற்றமின்றி நிற்பதுமே பயன் தரும். கனமான அம்பு வந்ததும் என் வில் அடங்கிப்போனது எனக்கு வேகத்தைவிடப் பெரிய லாபம்.

எடை பற்றிப் பேசினால் எட் ஆஷ்பி பெயர் வராமல் இருக்காது. ஆப்பிரிக்காவில் தொடங்கிப் பல வருடம் அம்பு ஊடுருவலை ஆராய்ந்தவர். கனத்த எலும்பைப் பிளக்க 650 கிரெயின் என்ற அவருடைய எண்ணை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். 43 பவுண்டு வில்லில் 650 ஏற்றினால் பவுண்டுக்குப் பதினைந்து ஆகும், என் தூரங்களுக்கே வளைவு அதிகமாகிவிடும். பலரும் விட்டுவிடும் செய்தி வேறு. ஊடுருவலுக்கான காரணிகளை அவர் வரிசைப்படுத்தும்போது அம்பு முறியாமல் இருப்பதை முதலிலும், அம்பு பிசகின்றிப் பறப்பதை அடுத்தும் வைக்கிறார். எடை வரம்பு அதற்குப் பின்னால்தான் வருகிறது. கோணலாகப் பறக்கும் 650 கிரெயினைவிட நேராகப் பறக்கும் 495 கிரெயினை நான் எடுப்பேன்.

முன்பாரமும், அதாவது அம்பின் எடை முன்பக்கம் கூடியிருப்பதும், உதவுகிறது. அம்பை விரல் மேல் வைத்து அது சமநிலையில் நிற்கும் இடத்தைக் குறியுங்கள். குதைப்பள்ளத்திலிருந்து அந்த இடம்வரை உள்ள தூரத்தில் பாதி நீளத்தைக் கழித்து, முழு நீளத்தால் வகுத்து, நூறால் பெருக்கினால் முன்பாரம் சதவீதத்தில் வரும். முனையின் நீளத்தைச் சேர்க்கக் கூடாது. என் 29.5 அங்குல அம்பு குதையிலிருந்து 22 அங்குலத்தில் சமநிலை கண்டது. ஏறக்குறைய 24.5 சதவீதம். பழையது 17. முன்பாரம் கூடினால் இறகுக்குக் கிடைக்கும் நெம்புகோல் நீளம் கூடும், நெளிவு சீக்கிரம் அடங்கும்.

வேட்டைமுனை மாட்டும்போது கடைசிச் சோதனை. பயிற்சி முனையும் வேட்டைமுனையும் ஒரே எடை இருக்க வேண்டும், 200க்கு 200. முனையைக் கெட்டியான தரையில் ஊன்றி அம்பைப் பம்பரம்போலச் சுழற்றிப் பாருங்கள். தண்டு நடுங்கினால் முனை கோணல், அந்த அம்பை எடுத்துப் போகக் கூடாது. பிறகு இரண்டையும் 18 கஜத்திலிருந்து விடுங்கள். வேட்டைமுனை வலப்பக்கம் கூடினால் இன்னும் கொஞ்சம் தளர்வு, இடப்பக்கம் கூடினால் விறைப்பு. 43 பவுண்டு போன்ற மிதமான வில்லுக்கு இரண்டு தகடு முனையே நல்லது. மூன்று நான்கு தகடுகள் கேட்கும் பலம் நம் வில்லில் இல்லை. முனையை முன்கை மயிர் சிரைக்கும் அளவுக்குத் தீட்டாமல் காட்டுக்குள் போகக் கூடாது. கார்பன் தண்டை ஒவ்வொரு முறையும் விடுமுன் இரு கையாலும் லேசாக வளைத்து, காதருகே வைத்துக் கேளுங்கள். மெல்லிய முறிசத்தம் வந்தால் அந்தத் தண்டை உடைத்துப் போட்டுவிடுங்கள். விரிசல் விட்ட தண்டு நாண் தள்ளும் வேகத்தில் சிதறினால் சில்லுகள் வில்லைப் பிடித்த கையில் பாயும்.

மரத்தண்டு பிரியர்களுக்கு ஒரு சில வார்த்தை. சீடார், ஸ்ப்ரூஸ், ஃபர் எதுவானாலும் விறைப்பைப் பவுண்டில் சொல்வார்கள். 26 அங்குல இடைவெளியில் வைத்து 2 பவுண்டு எடை தொங்கவிட்டு, 26ஐத் தொய்வால் வகுத்தால் அந்தப் பவுண்டு வரும். 0.52 அங்குலம் தொய்ந்தால் 50 பவுண்டு. இடைவெளியும் எடையும் வேறானதால் கார்பன் எண்ணோடு இதை அப்படியே ஒப்பிடக் கூடாது. ஒரு பலகை, இரண்டு ஆணி, ஒரு டயல் கேஜ் இருந்தால் வீட்டிலேயே அளக்கலாம். மரத்தில் ஒரே கட்டிலுள்ள தண்டுகளே ஒன்றுக்கொன்று வேறுபடும். ஒவ்வொன்றையும் எடைபோட்டு, விறைப்பளந்து, பத்துக் கிரெயினுக்குள்ளும் ஐந்து பவுண்டுக்குள்ளும் வருபவற்றை மட்டும் ஒரு கூட்டமாகச் சேருங்கள். குதைப்பிளவை மரத்தின் வளர்ச்சி வளையக் கோடுகளுக்குக் குறுக்காக வெட்டுங்கள், அப்போதுதான் தண்டின் விறைப்பான பக்கம் வில்லை நோக்கி நிற்கும். மூங்கில் அம்புகளை நான் கொஞ்சம்தான் செய்திருக்கிறேன். கணுக்களைத் தணலில் காட்டி நிமிர்த்துவது தனிக் கைவேலை, அதைப் பழகியவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

அடுத்த பருவத்தில் பதினொரு நாள் வெறுங்கையோடு திரும்பினேன். இரண்டு முறை மான் 25 கஜத்தில் நின்றது, வில்லைத் தூக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் காலை 14 கஜத்தில், சற்றே என்னிடமிருந்து விலகிய கோணத்தில் ஒன்று வந்து நின்றது. முன்காலுக்குப் பின்னால் மடிப்பைப் பார்த்தேன். வில் 'தும்' என்றது, அவ்வளவுதான். அம்பு வால் ஆடாமல், ஒரு கோடுபோலப் போனது. இறகுகள் மறைந்த இடம் மட்டும் கண்ணில் நின்றது. மான் அறுபது தப்படிக்குள் விழுந்தது. அம்பு மறுபக்கம் வெளியேறி ஈர மண்ணில் ஒரு சாண் ஆழம் குத்தி நின்றிருந்தது. முனையிலிருந்து குதைவரை முழுத்தண்டும் நனைந்திருந்தது. அதைப் பிடுங்கி எடுத்தபோது கை நடுங்கியது. முன்வருடத்து மானை நினைத்துக்கொண்டு வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

போன மாதம் வில்லின் டாக்ரான் (பாலியெஸ்டர் இழை) நாண் நைந்துவிட்டது. வில்லின் நுனிகள் தாங்கும் என்று வில்செய்தவர் உறுதி சொன்னதால், நீட்சி குறைந்த புதுவகை நாண் பூட்டினேன். இந்த நாண் தண்டை இன்னும் கடுமையாகத் தள்ளும் என்று தெரியும். மொட்டை அம்பு விட்டேன், வலப்பக்கம் மூன்று அங்குலம். 'டக்' இல்லை. பவுடரிலும் கோடு இல்லை. முனையைக் கனமாக்கிப் பார்த்தேன், ஐந்து அங்குலம் ஆனது. இந்த முறை உண்மைத் தளர்வுதான். பக்கத் தோலுக்கு அடியில் ஒரு தீக்குச்சி கனத்துக்குத் தோல் துண்டு ஒன்றை ஒட்டியிருக்கிறேன். பசை காய்ந்துகொண்டிருக்கிறது, நாளைக் காலையில் விட்டுப் பார்க்க வேண்டும்.